அம்மா இன்னும் ரயிலில் இருக்கிறாள்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது இல்லை. என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவள் என் அக்கா. இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. உலகத்தில் என்னென்ன கெட்டது நடக்கலாம் என்று யோசித்தே பதவி உயர்வு வாங்கியவள். போன மாதம் ஒரு மத்தியானம், நான் வேறொரு கதையின் நடுவில் இருந்தபோது (அது போயே போய்விட்டது, அதைப் பற்றிப் பேச வேண்டாம்) ஃபோனில் கத்தினாள்.

"அம்மா இன்னும் ரயில்லயே இருக்காடா! காலையில ஏறினவ, இன்னும் இறங்கல!"

"அம்மா என் எதிர்ல உக்காந்து நகம் வெட்டிட்டிருக்கா."

"பொய் சொல்லாத. ஃபோன்ல அப்படித்தான் காட்டுது."

கூடப் பிறந்தவன் கண்ணால் பார்த்துச் சொல்வதை விட ஃபோன் சொல்வது பெரிதாகப் போய்விட்டது. அம்மாவிடம் ஃபோனைக் கொடுத்தேன். குரலைக் கேட்ட பிறகும் அக்கா, "அப்ப ரயில்ல இருக்கறது யாரு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: "சிவப்புக் கண்ணைச் சிமிட்டியபடி, நகரத்தின் மனசாட்சியைப் போல அந்தத் தானியங்கிக் கதவு…"

சகிக்கவில்லை. டிக்கெட் கதவுக்கு என்ன மனசாட்சி?

இரண்டாம் தொடக்கம்: "கார்டைத் தேய்க்க வேண்டாம், செருக வேண்டாம், அருகில் காட்டினாலே போதும் என்கிறது விளம்பரம். நான் காட்டுகிறேன். அது பார்ப்பதில்லை. திருப்பிக் காட்டுகிறேன். பின்னால் நிற்பவர் உச்சுக் கொட்டுகிறார். பர்ஸோடு காட்டுகிறேன். உள்ளே இருக்கும் நூலக அட்டையைப் படித்துவிட்டு…"

இது கதை இல்லை, பத்திரிகைக்கு எழுதும் புகார். ஆனால் அடிக்க மனம் வரவில்லை. ஒவ்வொரு சொல்லும் நான் பட்டது.

மூன்றாவது, வேறு வழியில்லாமல், நேராகவே: எங்கள் ஊர் ரயிலில் ஏறும்போது ஒரு முறை கார்டைக் காட்ட வேண்டும், இறங்கும்போது அதே கார்டை இன்னொரு முறை. இறங்கும்போது வேறு கார்டைக் காட்டினாலும் கதவு திறந்துவிடும். அபராதம் மட்டும் பிடித்துக்கொள்ளும்.* ஆனால் கணினிக்கு நீங்கள் இப்போது இரண்டு பேர். ஒருவர் ஏறி இறங்காதவர். மற்றவர் ஏறாமலே இறங்கியவர்.

* இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று தெரியாது. தெரிந்தால் அவரை வைத்து வேறொரு கதை எழுதுவேன். அதில் அவர் இறங்கவே மாட்டார்.

3

ஸ்டேஷன் படிக்கட்டில் அம்மா வழுக்கி விழுந்ததற்குப் பிறகு அக்கா அவளுக்கு ஒரு கார்டு வாங்கிக் கொடுத்தாள். அன்புப் பரிசு. அம்மா ஏறினால் அக்காவின் ஃபோன் 'டிங்' என்னும், இறங்கினால் இன்னொரு 'டிங்', கூடவே ஸ்டேஷன் பெயர். அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஆயுசு முழுவதும் வேலை பார்த்தவள். அடுத்தவர் உடம்பில் ஓடுவதையெல்லாம் எழுதிக் கொடுத்தவளுக்கு, தன் நடமாட்டத்தை இன்னொருத்தி படிப்பது பிடிக்கவில்லை. வெளியே சொல்லவும் இல்லை.

முதல் தடவை நடந்தது தற்செயல்தான். இறங்கும்போது அவசரத்தில் தன் பென்ஷன் கார்டை, அதாவது பென்ஷன் விழும் பேங்க் கார்டை, காட்டிவிட்டாள். அன்றுதான் அக்கா என்னைக் கூப்பிட்டுக் கத்தியது. அம்மா எல்லாவற்றையும் கேட்டபடி நகத்தை வெட்டி முடித்தாள். அடுத்த வியாழக்கிழமையும் அதே தவறு. அதற்கடுத்த வியாழக்கிழமையும்.

"வேணும்னேதானே பண்றே?" என்றேன்.

"உள்ள போறது அவளுக்குத் தெரியட்டும், பாவம், பயப்படுறா. வெளிய வர்றது என் இஷ்டம்."

"அபராதம் போகுதேம்மா."

"என் பென்ஷன்தானே, போகட்டும்."

இப்படி ஒரு வசனத்தை நான் சொந்தமாக எழுதியிருந்தால் பத்திரிகை ஆசிரியர் நம்பும்படியாக இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

4

இங்கே ஒரு சிக்கல். என் கதைகளை முதலில் படிப்பவள் அக்காதான். எழுத்துப் பிழையைக்கூட விபத்து மாதிரிப் பார்ப்பவள். மேலே இருக்கும் மூன்று பகுதிகளையும் படித்துவிட்டு நேரிலேயே வந்துவிட்டாள்.

"என்னை வில்லி ஆக்கிட்டியா?"

"அப்படி எங்க எழுதியிருக்கேன்?"

"படிக்கட்டுல விழுந்தான்னு ஒரு வரியில முடிச்சிட்டே. நான் போய்ப் பார்க்கும்போது சுத்தி நின்னவங்க ஃபோட்டோ எடுத்துட்டு இருந்தாங்கடா. அம்மா என்னைப் பார்த்து 'நீங்க யாரு'ன்னு கேட்டா. ஒரு நிமிஷம்தான். ஆனா கேட்டா. அதை எழுது."

எழுதிவிட்டேன். இதற்குப் பிறகு அவளைத் திட்டி எழுத எனக்குக் கை வரவில்லை. கதைக்கு அது நஷ்டம்.

போகிற போக்கில், தீர்மானத்தையும் சொல்லிவிட்டுப் போனாள். திங்கட்கிழமையிலிருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறாள். ஏஜென்சியில் பேசியாகிவிட்டது. இனி அம்மா தனியாக எங்கும் போவதில்லை. "வியாழக்கிழமை எங்க போறான்னு சொல்லச் சொல்லு. சொன்னா யோசிக்கிறேன்."

அம்மாவிடம் சொன்னேன். "கூட ஆள் வந்தா நான் போகவே மாட்டேன்," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

5

அம்மா எங்கே போகிறாள்? கைவசம் உள்ளவை:

அ) அங்கே ஒரு பழைய சிநேகிதர் இருக்கிறார். (ஆசிரியருக்குப் பிடிக்கும். அம்மா என்னைத் துடைப்பத்தால் அடிப்பாள்.)

ஆ) ரகசியமாக வைத்தியம். (அக்கா இந்த வரியைப் படித்துவிட்டு இப்போதே என்னைக் கூப்பிடுகிறாள். எடுக்கவில்லை.)

இ) எங்கும் போகவில்லை, சும்மா ரயிலில் சுற்றிவிட்டு

இல்லை. சோம்பேறித்தனம். எழுத்தாளனுக்கு ஒன்றும் தோன்றாதபோது பாத்திரங்கள் சும்மா சுற்றுகிறார்கள்.

எனவே நேற்று, வியாழக்கிழமை, அம்மாவின் பின்னாலேயே போனேன்.

6

அம்மா முன் பெட்டி, நான் பின் பெட்டி. கார்டுக்குப் பதில் ஃபோனைக் காட்டித்தான் ஏறியிருந்தேன். அம்மா இறங்கியதும் இறங்கினேன். அவள் பென்ஷன் கார்டை வைத்தாள், கதவு திறந்தது, போய்விட்டாள். நான் ஃபோனை வைத்தேன். ஃபோன் செத்துப்போயிருந்தது. வேறு கார்டு எடுத்து வரவில்லை.

உதவிக்கான பொத்தானை அழுத்தினேன். இசை கேட்டது. மறுபடி அழுத்தினேன். இன்னும் நல்ல இசை.

"சார், ஒண்ணு போங்க, இல்ல விலகுங்க," என்றார் பின்னால் நின்றவர்.

"நான் போகத்தாங்க பார்க்கிறேன்!"

என் கத்தல் அம்மாவுக்கு எட்டிவிட்டது. திரும்பிப் பார்த்தாள். நின்றாள். அப்படியே போயிருக்கலாம். வந்தாள்.

"நீயும் ஆரம்பிச்சிட்டியா?"

கதவுக்கு மேலாகக் கையை நீட்டி நான் நின்ற பக்கம் இருந்த கருவியில் பென்ஷன் கார்டை வைத்தாள். இப்போதுதானே காட்டினாய் என்று அது மறுத்துவிட்டது. பர்ஸில் மிச்சம் இருந்தது அக்கா கொடுத்த கார்டு. ஏறி, இன்னும் இறங்காத கார்டு. அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"இதை வச்சா அவளுக்குப் போயிடும்."

"வேண்டாம்மா. யாராவது வருவாங்க. நீ போ."

"எங்க வருவாங்க? எல்லாரும் உன்னைத் திட்டுறாங்கடா," என்று சொல்லி, வைத்தாள்.

கதவு திறந்தது. நான் வெளியே வந்து மூச்சு விடுவதற்குள் அம்மாவின் ஃபோன் அடித்தது. அவள் பார்க்காமலே என்னிடம் நீட்டினாள்.

"ஸ்டேஷன் தெரிஞ்சிடுச்சு," என்றாள் அக்கா. "நீயும் அங்கதான் இருக்கியா? அங்க யாருடா இருக்கா? எங்க போறா?"

"அப்புறம் சொல்றேன்கா," என்று வைத்துவிட்டேன்.

"வந்தது வந்துட்டே, வா," என்றாள் அம்மா.

7

அக்கா, இனிமேல் எழுதுவதெல்லாம் உனக்கு.

ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்து, இடது பக்கம் திரும்பி, அம்மா [          ]

மூன்று முறை எழுதி அழித்தேன். எழுதினால் அதுவும் ஒரு 'டிங்'தான். ஆபத்தான இடம் இல்லை. ஆஸ்பத்திரி இல்லை, சிநேகிதர் இல்லை, கடன் கொடுப்பவர் இல்லை. அந்த இடத்தின் கதவு திறந்ததும் உள்ளே இருந்தவர்கள் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மாவுக்குப் பெயர் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் வீட்டில் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று? அங்கே அவள் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அதையும் உனக்காகவே பார்த்து வைத்தேன்.

உன் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது எனக்கும் இருக்கிறது. ஆனால் நேற்று அவள் மாட்டிக்கொண்டது உன்னால் இல்லை, என்னால். எனக்குக் கதவு திறக்க வேண்டும் என்று கைவசம் இருந்த ஒரே ரகசியத்தையும் கொடுத்துவிட்டாள். அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பெண் வந்து மணி அடிக்கலாம். அல்லது நீ இன்றைக்கே ஏஜென்சியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நீ எதைச் செய்கிறாயோ, கதையின் முடிவு அதுதான். நான் எதை எழுதினாலும் பொய்.

இதைப் படித்து முடித்ததும் ஃபோன் பண்ணு. எனக்கு இல்லை, அம்மாவுக்கு. எங்கே இருக்கிறாய் என்று கேட்காமல் வேறு ஏதாவது பேச ஆரம்பி. அந்த முதல் வாக்கியத்தை மட்டும் உனக்காக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வரவில்லை.