ரெஜானின் எடை

ஏரிகளில் பனி உடைந்ததும் ஃபெர்னானும் அவர் நண்பர் கில்பெரும் தண்ணீரில் இறங்கும் மிதவை விமானம் ஏறி வடக்கே போய்விடுவார்கள். சாலையே இல்லாத ஏரி. ஒரு வாரம் கூடாரம், ட்ரௌட் மீன், கொசுக்கடி. மூட்டை கட்டித் தருவது ஃபெர்னானின் மனைவி ரெஜான். இருவரும் எவ்வளவு வெங்காயம் தின்பார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. அந்த ஏரியைத்தான் அவள் கண்ணால் பார்த்ததில்லை.

இந்த வருடம் கில்பெருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சேதி வந்த அன்றே ரெஜானின் மனசு விமானத்தின் காலி இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆனால் வாய்விட்டுக் கேட்க மாட்டாள். அவராகக் கூப்பிட வேண்டும்.

அவர் கூப்பிடுகிற வழியாக இல்லை. கொட்டகையில் ஆள் ஏறி நிற்கும் தராசும் கையுமாக இருந்தார். ஆள், சாமான் அத்தனைக்கும் விமானக்காரர்களுக்கு முன்கூட்டியே எடை சொல்லியாக வேண்டும். கூடினால் படகுத்துறையிலேயே இறக்கிவைத்துவிடுவார்கள். அதனால் அந்த ஊரில் எல்லோரும் செய்வது போல, ஒவ்வொரு சாமானாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு தராசில் ஏறி, தன் எடையைக் கழித்துப் பார்த்தார். கழித்தவர் பீரை எடுத்து வெளியே வைத்தார். பிறகு மடக்கு நாற்காலியை. பிறகு இரும்புச் சட்டியை.

ரெஜானுக்குப் புரிந்துவிட்டது. கில்பெர் ஒட்டடைக்குச்சி. அவனைவிடக் கனமான யாரையோ கூட்டிப்போகிறார். வேறு யார், அவர் தம்பி லூசியன்தான்; அவன் தொந்தி ஊரறிந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது. அன்றைய பட்டாணி சூப்பில் உப்பு தூக்கலாகவே விழுந்தது.

சனிக்கிழமை காலை ஃபெர்னான் அவளைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். போனாள். மனுஷன் அவளை இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினார். ஏறிய கால் தள்ளாடியது. இருவரும் கூடார மூட்டைமேல் விழுந்தார்கள்.

"கிழவா, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"எடை பாக்கணும்ல," என்றார் மூச்சு வாங்க. "கேட்டா நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ."

அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரமானது. வெளியே கிடந்த பீரையும் நாற்காலியையும் பார்த்தாள். தனக்காகத்தான் இடம் செய்திருக்கிறார். அப்படியானால் அந்தக் கனமான ஆளும் தான்தான். கோபப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை.

"இத்தன வருஷம் ஏன் கூப்பிடல?"

"கொசுன்னா உனக்கு ஆகாதேன்னு நெனச்சேன். நீயும் வர்றேன்னு ஒரு வார்த்த சொன்னதில்லயே." அவர் தலையைச் சொறிந்தார். "ஒவ்வொரு தடவையும் மொத மீன் மாட்டுனதும் உன்கிட்டக் காட்டணும்னு திரும்புவேன் ரெஜான். அங்க கில்பெர் மூஞ்சிதான் இருக்கும்."

ரெஜான் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். யார் தயவும் இல்லாமல், செருப்புக் காலோடு தராசில் ஏறி நின்று பார்த்தாள். இறங்கி நேரே சமையலறைக்குப் போய் விமானக்காரர்களைத் தொலைபேசியில் பிடித்தாள். கில்பெரின் பேரை அடித்துவிட்டுத் தன் பேரை எழுதச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு வாலிபக் குரல் தயங்கித் தயங்கி எடை கேட்டது.

"நூத்தித் தொண்ணூத்தாறு பவுண்டு," என்றாள், கொட்டகை வரைக்கும் கேட்கும்படி. "ஒண்ணு கூடக் கொறைக்காம எழுதிக்கப்பா."