விமர்சனத்தில் விட்டுப்போன யானை

தங்கம்மாவுக்குக் கோகிலாம்பாள் என்றால் உயிர். அந்த நடிகையின் புதுப்படம் சேலத்துக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதிலிருந்து, காப்பிக்கொட்டை பொறுக்குகிற அவள் கூடையில் நல்லதும் சொத்தையும் ஒன்றாகவே விழுந்தன. ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லாரி மலையிலிருந்து சேலம் சந்தைக்கு இறங்கும். ஆள் நிறைந்தால்தான் தோட்டத் துரை லாரியை விடுவார்.

காரியத்தைக் கெடுத்தவர் கணக்கெழுதும் ரைட்டர் அங்கப்பன். எஸ்டேட்டில் பத்திரிகை வரவழைக்கிற ஒரே தமிழர். வாராவாரம் பொறுக்குக் கொட்டகையில் நின்று சினிமா விமர்சனத்தை உரக்க வாசிப்பார். பத்திரிகைக்காரன் நன்றாயிருக்கிறது என்று எழுதினால் போதும், லாரி பிதுங்கும்.

"படம் முழுக்க அழுகை," என்று வாசித்தார். "கோகிலாம்பாள் அழுகிறார், அவர் தகப்பனார் அழுகிறார், வந்த பாவத்துக்கு நாமும் அழுகிறோம்."

"அழுவறதுக்கு நம்ம ஊடு பத்தாதுங்களா?" என்றாள் பக்கத்திலிருந்த சென்னம்மாள். கொட்டகையே சிரித்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஆள் தேறவில்லை.

தங்கம்மாவுக்கு வயிறு எரிந்தது. படத்தைப் பார்க்காமலே தீர்ப்பா! ஆத்திரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, அந்த யானையைப் பத்தி ஒண்ணும் எழுதலீங்களா?"

"எந்த யானை?"

"கடைசீல வருதாமுங்க. குடை புடிச்சுக்கிட்டு ஆடுதாமா. வாழவந்தி ஊருல, படம் பாத்துட்டு வந்தவங்க சொல்றாங்க."

அங்கப்பன் பத்திரிகையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தமக்குத் தெரியாத சங்கதி ஒன்று உலகத்தில் இருக்கலாமா? "ஆமாமா, கேள்விப்பட்டேன்," என்றார்.

பொழுது சாய்வதற்குள் அந்த யானைக்குக் குட்டி பிறந்து, குட்டியும் ஆடியது. ஞாயிறன்று லாரியில் கால் வைக்க இடமில்லை.

சினிமாவில் கோகிலாம்பாள் பாடினாள். தங்கம்மா காதில் எங்கே விழுந்தது? கண்ணெல்லாம் சனங்கள் மேல்தான். திரையில் தகப்பன் சாகக் கிடக்கிறான், சென்னம்மாள் எழுந்து நின்று, "இப்ப வந்துரும் பாரு!" என்று கூவுகிறாள். கல்யாணம் நடக்கிறது, "வாசல்ல நிக்குதுடோய்!" என்று விசில் பறக்கிறது. முடிவு நெருங்க நெருங்க, தங்கம்மா பயத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். திறந்தபோது படம் முடிந்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மலையேறும்வரை லாரியில் யாரும் யானைப் பேச்சை எடுக்கவில்லை. இன்றைக்குச் செத்தோம் என்று தங்கம்மா ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தாள்.

கூலிக்காரர்களின் லைன் வீடுகளுக்கு முன்னால், வராதவர்கள் எல்லாம் கூடி நின்றார்கள். "யானை எப்படீங்க?"

முதலில் இறங்கியவர் அங்கப்பன். ஏமாந்துவிட்டேன் என்று அவர் வாயால் சொல்வாரா? தொண்டையைச் செருமிக்கொண்டார். "அடேயப்பா! பிரமாதம்!"

சென்னம்மாள் மட்டும் இளைத்தவளா? "குட்டிதானுங்க நொம்ப ஜோரு. காலுல சலங்கை வேற!"

அவ்வளவுதான். ஆளாளுக்கு ஆடிக் காட்ட ஆரம்பித்தார்கள். ஒருவன் குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தையே சுற்றி வந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு லாரி அங்கேயே நிறைந்துவிட்டது.

பிழைத்தோம் என்று தங்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் மனசு அரிக்கத் தொடங்கியது. இத்தனை பேர் சொல்கிறார்களே. ஒருவேளை, தான் முகத்தை மூடியிருந்த நேரத்தில் வந்து போய்விட்டதோ?

அடுத்த ஞாயிறு லாரியில் முதல் ஆளாக ஏறியவள் அவள்தான்.