கண்ணில் படாத பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடம் யார் கண்ணிலும் படக்கூடாது என்பதுதான் வசிதியின் வைராக்கியம். தலைநகர் சுவாவில் கட்டடக்கலை படித்துவிட்டுத் தன் தீவுக்குக் கட்டும் முதல் கட்டடம். மலைச்சரிவைக் குடைந்து, மூங்கில் தூண் நட்டு, சுவரே இல்லாமல் கடலைப் பார்க்கத் திறந்துவிட்டிருந்தாள். கூரைமேல் மண்ணைக் கொட்டிப் புல்லும் வளர்த்தாயிற்று. ஊர் கேட்டதென்னவோ சிவப்புத் தகரக் கூரை.

"நான் இருக்கிற வரைக்கும் இங்க தகரம் ஏறாது," என்று அடித்துச் சொல்லிவிட்டாள்.

"நல்லா கட்டினே போ! நான் இத்தனை நாளா வேலைக்குத்தான் போனேன்னு பொண்டாட்டிகிட்ட எதைக் காட்டுவேன், மேஸ்திரியம்மா?" என்றான் தச்சன் பெனியாசி. முறை மச்சான், கேலி செய்ய உரிமை உண்டு.

நிலம் ஊர்த்தலைவர் ராத்து ஜோலாமேயின் வம்சத்து நிலம். திறப்பு விழாவில் அவர் யங்கோனா வேர்ச் சாற்றைச் சிரட்டையில் வாங்கிக் குடித்தால் பள்ளிக்கூடம் உண்டு. குடிக்காமல் எழுந்துவிட்டால் பிள்ளைகள் பழையபடி அடுத்த தீவுக்குப் படகேற வேண்டியதுதான்.

விழாவன்று ஊரே உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தது. ராத்துவை மட்டும் காணோம். திடீரென்று தலைக்கு மேலே தொம் தொம்மென்று சத்தம். மண் உதிர்ந்தது.

"எங்கடா அந்தப் பள்ளிக்கூடம்? மலையையே சுத்திட்டேன், கால் கெஞ்சுது!"

ராத்துவின் குரல்! வசிதிக்கு அப்போதுதான் உறைத்தது. ராத்துவின் தலைக்கு மேலே எவர் தலையும் உயரக்கூடாத ஊரில், மேலே ஆள் நடக்கிற மாதிரியா கூரை போடுவாள் ஒருத்தி? அவர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது ஒரு பன்றி மேலே போயிருந்தால்? நல்லவேளை, இப்போது ஊர்தான் அவர் காலடியில் இருந்தது.

சிரட்டையை ஏந்திக்கொண்டு, தலையைக் குனிந்தே சரிவில் ஏறினாள்.

"ராத்து, நீங்க நிக்கிறதுதான் பள்ளிக்கூடம். உங்க இடத்தை மேல வச்சிட்டு, நாங்கெல்லாம் கீழ உக்காந்திருக்கோம்."

அவர் விளிம்பில் எட்டிப் பார்த்தார். ஊர் முழுக்கத் தலை குனிந்திருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. அங்கேயே சம்மணமிட்டுச் சிரட்டையை வாங்கினார், ஆனால் குடிக்கவில்லை.

"இனிமே எனக்கு இதான் இடம். வெயில்தான் மண்டையைப் பிளக்குது. ஒரு கொட்டகை போட்டுடு, பொண்ணே."

"போட்டுடறேன் ராத்து. தென்னோலையில, புல்லோட புல்லா..."

"ஓலையா? தகரம் போடு. நல்ல சிவப்பா, கடல்லேர்ந்தே தெரியணும். மறுபடி நான் மலையைச் சுத்தணுமா?"

வசிதி சிரட்டையைப் பார்த்தாள். அது இன்னும் நிறைந்தே இருந்தது.

"சரிங்க ராத்து."

ஒரே மூச்சில் குடித்தார். கீழே ஊரே கைகொட்டியது.

"மேஸ்திரியம்மா," என்று கூரைக்கு அடியிலிருந்து பெனியாசி கத்தினான், "தகரம் நான் அப்பவே வாங்கி வச்சிட்டேன்!"