மூன்றாம் எண் தகடு

திங்கட்கிழமைக்குள் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று போஸ்ட் மாஸ்டர் சொல்லியிருந்தார். அதில் இரண்டே கட்டங்கள். ஒன்று, மறுபடியும் சைக்கிளில் தபால் பையோடு தெருவுக்குப் போவது. இன்னொன்று, தபால் பிரிக்கும் மேசையிலேயே நிரந்தரமாக உட்கார்ந்துவிடுவது. தபால்காரம்மா அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து ஒரு வாரம் ஆகிவிட்டது.

பதினெட்டு வருடம் ஒரே சுற்றுத்தான் அவளுக்கு. எந்த வீட்டில் எந்த நாய், எந்தப் பெட்டியின் மூடி விரலைக் கடிக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். போன வருடம் ஒரு பால் வேன் பின்னாலிருந்து வந்து தோளில் மோதித் தள்ளியது. தோள்பட்டை எலும்பு ஐந்து மாதத்தில் கூடிவிட்டது. ஆனால் முதுகுக்குப் பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டால் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது; கால் தரையில் ஊன்றிக்கொண்டது; வண்டி தாண்டிப் போன பிறகும் நகர மறுத்தது. கடைத்தெருவில் மூன்று முறை முயன்று பார்த்தாள். மூன்று முறையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வீடு வந்தாள்.

இதைப் பார்த்துவிட்டுத்தான் நாத்தனார் அந்தக் காட்டுப் பாதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை அவளுக்கு. வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே நாள் முழுவதும் பேசிப் பழகியதால், பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் அவளுக்குக் கிடையாது.

"வண்டியே வராத பாதை அண்ணி. முப்பது கிலோமீட்டர் காடும் பள்ளத்தாக்கும்தான். மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை. ஹார்ன் சத்தம் வேணும்னா நான்தான் வாயால அடிக்கணும்."

"நீ அடிப்பேன்னு தெரியும். அதான் பயமா இருக்கு."

"சும்மா வாங்க. எங்க அண்ணனை வீட்டுல விட்டுட்டுப் போறதுக்கே உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்."

சனிக்கிழமை காலை மேல்வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நாத்தனார் குந்தி உட்கார்ந்து, வாடகைக்கு எடுத்த இரண்டு சைக்கிளின் டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கினாள். "ரோட்டுக்கு அடிக்கிற மாதிரி அடிச்சுட்டுச் சரளையில போனா, பல்லெல்லாம் ஆடி நீங்க எங்க டாக்டர்கிட்டதான் வந்து நிக்கணும்."

வாசலில் ஒரு மரப் பலகையும் அதில் ஆணிகளும் இருந்தன. உள்ளே போகிறவர்கள் ஆளுக்கு ஓர் எண் தகட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். மறுமுனையில் கீழ்வாசல் பலகையில் அதே எண்ணுள்ள ஆணியில் மாட்ட வேண்டும். இங்கிருந்து எத்தனை தகடு கிளம்பியது என்று மேலிருந்து போனில் சொல்வார்கள். அத்தனையும் வந்துவிட்டால் கீழே இருக்கும் காவலர் கதவைப் பூட்டிவிடுவார். ஒன்று குறைந்தால் ஜீப்பை எடுத்துக்கொண்டு தேடப் போவார். அந்தப் பாதையில் ஓடக்கூடிய ஒரே மோட்டார் வண்டி அதுதான்.

ஒன்றும் இரண்டும் விடியற்காலையிலேயே போய்விட்டிருந்தன. மூன்றை எடுத்துக்கொண்டு மஞ்சள் மழைச்சட்டை போட்ட ஒரு பெரியவர் அரை மணி நேரத்துக்கு முன்னால் கிளம்பியிருந்தார். நாலும் ஐந்தும் இவர்களுக்கு.

முதல் வளைவு வரைக்கும் தபால்காரம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். பின்னால் மரங்கள் மட்டுமே நின்றன. இரண்டாவது வளைவில் ஒருமுறை பார்த்தாள். அதற்கப்புறம் எப்போது பார்ப்பதை நிறுத்தினாள் என்று அவளுக்கே நினைவில்லை. டயருக்குக் கீழே சரளை நறநறவென்று அரைபட்டது. வெயில் இலைகளுக்கிடையே சில்லறை சில்லறையாக விழுந்திருந்தது. பாதை காட்டை விட்டு வெளியே வந்த இடத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே மூச்சில் திறந்தது. அடியில் ஓர் ஓடை. அதன் இரைச்சல் இவ்வளவு உயரத்துக்கும் கேட்டது. இறக்கத்தில் பிரேக்கிலிருந்து விரலை எடுத்தாள். ஒரு வருடமாக இறுகியே கிடந்த தோள், யாரோ கையை எடுத்தாற்போல லேசானது.

இந்தக் கல்லை உடைத்துக் கொட்டியவர்கள் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். வண்டிகளைத் தடுத்து இப்படி ஒரு சட்டம் எழுதிய, முகம் தெரியாத அந்த அதிகாரியையும் மனதுக்குள் கும்பிட்டாள். முன்னால் ஓயாமல் பேசிக்கொண்டு போகும் நாத்தனாருக்கு நேரில் நன்றி சொன்னால் அதற்கும் ஏதாவது கிண்டல் வரும். அதனால் அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இரண்டாவது மரப்பாலத்தைத் தாண்டியதும் சரளையில் ஏதோ பளிச்சிட்டது. இறங்கி எடுத்தாள். மூன்றாம் எண் தகடு.

"பெரியவர் விழுந்ததுகூடத் தெரியாம போயிட்டார் போலிருக்கு," என்று சொல்லி முன்னால் பார்த்தாள். நாத்தனார் அடுத்த வளைவில் மறைந்துவிட்டிருந்தாள். ஒரு முறை மணி அடித்துப் பார்த்தாள். ஓடை இரைச்சல்தான் பதில். வழியில் கிடக்கும் தபாலைத் தபால்காரர் தாண்டிப் போக முடியாது. எடுத்து, போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்தால்தான் கை அடங்கும். தகட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கீழ்வாசலில் காத்திருந்த நாத்தனாரைத் தவிர யாரும் இல்லை. காவலர் குடிசைக்குப் பின்னால் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். நாலையும் ஐந்தையும் மாட்டிய கையோடு மூன்றையும் அதன் ஆணியில் மாட்டினாள். ஐந்து ஆணியும் நிறைந்ததைப் பார்க்கத் திருப்தியாக இருந்தது.

காவலர் நல்ல மனிதர். கேட்காமலே மூன்று டம்ளர் தேநீரோடு வந்தார். கால் நீட்டி உட்கார்ந்து, வெகு நேரம் நாத்தனாரின் பேச்சைக் கேட்டுக்கொண்டே மெல்லக் குடித்தார்கள். பிறகு அவர் பலகையைப் பார்த்துவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார்.

"அஞ்சும் வந்தாச்சு. இன்னைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். மூணாம் நம்பர் எப்ப வந்தார்னுதான் தெரியலை. நான் அடுப்புகிட்ட இருந்தப்ப மாட்டிட்டுப் போயிட்டார் போல."

தபால்காரம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அதை நான்தான் மாட்டினேன்," என்றாள்.

"நீங்களா?"

"வழியில கிடந்துச்சு. அவர் போட்டுட்டு முன்னாடியே வெளியே போயிருப்பார்னு நினைச்சேன்."

காவலர் சாவியைக் கீழே இறக்கினார். "தகடு இல்லாம வந்திருந்தா என்கிட்ட வந்து சொல்லியிருப்பாரே. முதல் ரெண்டு பேர் போனதுக்கப்புறம் இந்தக் கதவுல உங்க ரெண்டு பேரைத் தவிர யாரும் வரலைம்மா."

உள்ளே இருக்கும் ஆளை வெளியே வந்துவிட்டதாக அவளே கையெழுத்துப் போடாத குறையாகச் சொல்லியிருக்கிறாள். காவலர் மூன்றாம் எண்ணைப் பற்றிப் பேச்செடுக்காவிட்டால் கதவைப் பூட்டியிருப்பார்கள். ஒருவரும் தேடிப் போயிருக்க மாட்டார்கள். பதினெட்டு வருடத்தில் ஒரு தபாலைக்கூட அவள் ஆள் மாற்றிக் கொடுத்ததில்லை.

"எந்த இடத்துல கிடந்துச்சு?"

"ரெண்டாவது பாலம் தாண்டி. ஒரு சாய்ஞ்ச மரம், அப்புறம் பாதை ஓரமா ஒரு பள்ளம்..."

"அங்க எல்லா மரமும் சாய்ஞ்ச மரம்தான். நீங்க வந்து காட்டணும்."

ஜீப்பில் ஓட்டுகிறவர் இருக்கையைத் தவிர மற்ற இடமெல்லாம் வேலிக்கம்பிச் சுருள்கள். அதை இறக்கி வைக்கவே அரை மணி நேரம் ஆகும். காவலர் இன்ஜினைக் கிளப்பினார். அந்த உறுமல் கேட்டதும் தபால்காரம்மாவின் விரல்கள் இல்லாத பிரேக்கைத் தேடி மடங்கின.

நாத்தனார் அதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கு முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, இடத்தைச் சொல்லுங்க. நான் போறேன்."

"நீ அதைத் தாண்டிப் பேசிக்கிட்டே போனவ. உனக்கு என்ன தெரியும்?" தபால்காரம்மா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "நீ இங்கேயே இரு. அவர் மேல்வாசலுக்குத் திரும்பியிருந்தா போன் வரும், எடுக்க ஒரு ஆள் வேணும்." காவலரிடம் திரும்பினாள். "நான் முன்னாடி போறேன். கொஞ்சம் தள்ளியே வாங்க. ஹார்ன் மட்டும் அடிக்காதீங்க."

"அது செத்து நாலு வருஷம் ஆச்சும்மா."

கதவிலிருந்து அந்த இடம் நான்கு கிலோமீட்டர், மேடு. இருநூறு அடி தூரம்தான் போயிருப்பாள். இன்ஜின் சத்தம் முதுகில் ஏறி உட்கார்ந்தது. பிரேக் தானாக இறுகியது. கால் ஊன்றியது. மோதப் போகும் அந்த ஒரு நொடிக்காகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஜீப்பும் நின்றிருந்தது. பத்துப் பதினைந்து அடி தள்ளி, கிழட்டு மாடு மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு. காவலர் தலையை நீட்டினார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லை. ஒரு நிமிஷம்."

"மெதுவாப் போங்க. நான் உங்க பின்சக்கரத்தைப் பார்த்துக்கிட்டேதான் வர்றேன்."

அந்தப் பால் வேன்காரன் பார்க்காத சக்கரம். இவர் பார்த்துக்கொண்டு வருகிறார். அவள் மிதித்தாள். இன்னும் இரண்டு முறை நின்றாள். இரண்டு முறையும் அவர் காரணம் கேட்காமல் காத்திருந்தார். பிறகு தூரத்தில் பாலம் தெரிந்தது. பாதையோரத்தைத் தேடுவதில் நிற்க மறந்துவிட்டாள்.

தகடு கிடந்த இடத்துக்கு நேர் கீழே, புல் அமுங்கிய தடம் ஒன்று ஓடைப்பக்கம் இறங்கியது. காலையில் அதை அவள் பார்க்கவில்லை. கூப்பிட்டாள். மணியை விடாமல் அடித்தாள். கீழே புதருக்கு அப்பால் ஒரு மஞ்சள் கை உயர்ந்தது.

தண்ணீர் பிடிக்கச் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு இறங்கியவர் பாசியில் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். நிற்க முடியவில்லை. சைக்கிள் பக்கத்திலேயே கிடந்தது. காவலரும் அவளும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவரை மேலே கொண்டுவந்தார்கள்.

"நான் லிஃப்ட் மெக்கானிக்," என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "நடுவுல மாட்டிக்கிட்டவங்களை வெளியே எடுக்கிறதுதான் முப்பது வருஷமா என் வேலை. 'பதறாதீங்க, ஆள் வருது'ன்னு சொல்லுவேன். இன்னைக்கு அதை எனக்கு நானே சொல்லிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். காலையில ஒரு மணிச் சத்தம் கேட்டுச்சு. கத்தினேன், ஓடை இரைச்சல்ல போயிடுச்சு."

"அந்த மணி என்னோடதுதான்," என்றாள் அவள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தகட்டை மாட்டியதையும் சொன்னாள்.

அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டே தலையை ஆட்டினார். "நீங்க எடுக்காம போயிருந்தா, தகடு குறையுதுன்னு தேட வந்திருப்பாங்க. ஆனா முப்பது கிலோமீட்டர்ல எங்கேன்னு தேடுவாங்க? இடம் உங்களுக்குத்தானே தெரிஞ்சிருந்தது. விடுங்கம்மா. வந்தீங்களே, அது போதும்."

கம்பிச் சுருள்களில் பாதியைப் பாதையோரம் இறக்கிவிட்டு, மீதியின் மேல் சாக்கை விரித்து அவரை உட்கார வைத்தார்கள். பக்கத்திலேயே சைக்கிளையும் கட்டினார்கள். திரும்பும் வழி இறக்கம். பின்னால் ஜீப் உறுமிக்கொண்டே வந்தது. நடுநடுவே பெரியவர் "ஐயோ" என்பதும் காவலர் "இதோ வந்துடுச்சு" என்பதும் கேட்டன. பயம் போய்விடவில்லை. பிடரியில் ஒரு குளிர்ச்சியாக அது கூடவே வந்தது. ஆனால் கால் ஊன்றவில்லை.

கீழ்வாசலில் அவள் மூன்றாம் எண் தகட்டைப் பலகையிலிருந்து கழற்றி, ஜீப்பில் உட்கார்ந்திருந்தவர் கையில் கொடுத்தாள். "நீங்களே மாட்டுங்க. ஆளைப் பார்த்துக் கொடுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

ஜீப்பிலிருந்தபடியே எட்டி அவர் அதை மாட்டினார். அவர் மகளுக்குச் சொல்ல நாத்தனார் போனைச் சுழற்றினாள்; மறுமுனையில் இருந்தவருக்கு வாய் திறக்க வழியில்லை.

வருகைப் பதிவேட்டோடு நூலில் கட்டியிருந்த பேனாவைத் தபால்காரம்மா எடுத்தாள். சட்டைப் பையிலிருந்த படிவத்தைப் பிரித்து, முழங்காலில் வைத்து, முதல் கட்டத்தில் குறியிட்டாள்.

"திங்கட்கிழமை வரைக்கும் டைம் இருக்கே அண்ணி," என்றாள் போனை வைத்துவிட்டு வந்த நாத்தனார்.

"இருக்கு. நாளைக்கு மறுபடி பயம் வந்துட்டா?"

பேனாவின் நூலைச் சுருட்டி, இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு நாத்தனாரைப் பார்த்து, காலையிலிருந்து சொல்லாமல் வைத்திருந்த நன்றியைச் சொன்னாள். நாத்தனாருக்கு அதிசயமாக ஒரு கிண்டலும் கிடைக்கவில்லை.