மஞ்சள் கட்டம்

சுலைமான் நபிக்கு இறைவன் கொடுத்த சலுகைகளில் என் அத்தா பொறாமைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். அது காற்று. அத்தா லாரி ஓட்டினவர். சுலைமான் நபி காலையில் ஏறி உட்கார்ந்தால் காற்று அவரை ஒரு மாதத் தூரம் தூக்கிக்கொண்டு போகும், மாலையில் இன்னொரு மாதத் தூரம். "டீசல் கெடையாது, டோல்கேட் கெடையாது. குடுத்து வெச்சவரு" என்பார். நபிமார்களைப் பற்றி இப்படியா பேசுவது என்று அம்மா அதட்டுவாள். "தவ்பா, தவ்பா" என்று சொல்லிவிட்டு அத்தா அடுத்ததற்குப் போய்விடுவார்.

அடுத்தது எறும்பின் பேச்சு. அப்புறம் பறவைகளின் பேச்சு, தண்ணீர் மாதிரி ஓடிய செம்பு ஊற்று, சொன்ன வேலையைச் செய்த ஜின்கள். எனக்குப் பிறகு யாருக்கும் கிடைக்காத ஆட்சியைக் கொடு என்று அவர் கேட்டார், இறைவனும் கொடுத்தான். "தவுலத்து, அத்தோட முடிஞ்சுதும்மா. அவருக்கப்புறம் எந்தக் கொம்பனுக்கும் அந்த அதிகாரம் கெடையாது" என்று அத்தா அழுத்திச் சொல்வார். லாரி முதலாளிகளை மனதில் வைத்துச் சொல்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கடைசியில் அவருடைய மௌத். கைத்தடியில் சாய்ந்தபடியே சுலைமான் நபி இறந்துபோனார். ஜின்களுக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைத்துக் கல்லும் மண்ணும் சுமந்துகொண்டே இருந்தன. கரையான் தடியை அரித்து, அவர் சரிந்து விழுந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மறைவானதை அறிய முடிந்திருந்தால் இத்தனை நாள் இந்தச் சிறுமையில் கிடந்திருக்க மாட்டோமே என்று ஜின்கள் நொந்துகொண்டன.

"ஒரு ஜின்கூடவா கிட்ட போயி மொகத்தப் பாக்கல?" என்று நான் கேட்டேன்.

"பயந்தவன் மொகத்தப் பாக்க மாட்டாம்மா. தூரத்துல நின்னு உருவத்தத்தான் பாப்பான்" என்றார் அத்தா.

இந்தக் கதை எனக்கு மனப்பாடம். என் வயிற்றெரிச்சலே அதுதான். தெரியாதவள் ஏமாந்தால் போகட்டும் என்று விடலாம். எனக்குத் தெரியுமே.

எங்கள் ஷெட் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. கார் கதவுக்கான இரும்புத் தகடுகளை பிரஸ்ஸில் போட்டு வளைத்துக் கொடுப்போம். தகட்டின் பிசிறைத் தேய்த்து எடுப்பது என் வேலை. பக்கத்து மேஜை மரகதம், பிள்ளைப்பாக்கத்துக்காரி. வாய் நீளம், மனசு சுத்தம். முதலாளி ரகுபதி சார்.

ரகுபதி சாருக்கு மேலே ஒரு கண்ணாடி அறை. இரும்புப் படி ஏறித்தான் போக வேண்டும். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கைத்தடி வைத்திருந்தார். அறையில் சக்கரம் வைத்த நாற்காலி, ஆபீஸ்களில் உருளுமே, அது. அதில் உட்கார்ந்து, தடியைக் கால்களுக்கு நடுவே ஊன்றி, இரண்டு கைகளையும் அதன்மேல் அடுக்கி, கைமேல் மோவாயை வைத்துக்கொண்டு கீழே எங்களைப் பார்ப்பார். மூக்குக்கண்ணாடியில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்து கண்ணே தெரியாது. யாரைப் பார்க்கிறார் என்று தெரியாததால் எல்லோரையும் பார்க்கிறார் என்று ஆகிவிட்டது. நடு வேலையில் தலை நிமிர்த்தக்கூட எங்களுக்குப் பயம்தான்.

கதவுக்கு மேலே சிவப்பு பல்பு. அது எரிந்தால் யாரும் ஏறக் கூடாது, போனும் செய்யக் கூடாது. ஒருமுறை அவசரம் என்று கதவைத் தட்டிய சூப்பர்வைசர் அன்றைக்கே வீட்டுக்குப் போனார். அவருக்கு அடுத்து வந்தவன்தான் லோகேஷ்.

லீவோ பர்மிஷனோ வேண்டுமென்றால் அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். அறைக்கு நேர் கீழே தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கட்டம். அதில் போய் நின்று மேலே பார்க்க வேண்டும். அவர் கையைத் தூக்கினால் லோகேஷ் சீட்டு எழுதுவான், வாட்ச்மேன் நடேசன் அண்ணன் கேட்டைத் திறப்பார். தலையை ஆட்டினால் திரும்பிப் போய் வேலையைப் பார்க்க வேண்டும். காரணம் கேட்கும் வழக்கமே கிடையாது. கொஞ்சம் நிற்க வைத்துத்தான் கை தூக்குவார். அது அவருக்கு ஒரு ருசி.

அன்றைக்குக் காலையில் அவர் வந்ததும் பல்பு எரிந்தது. கேன்டீன் பாப்பம்மாள் டீயைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டு வந்தாள். டீ இடைவேளை முடிந்து நாங்கள் மேஜைக்குத் திரும்பியபோது நடேசன் அண்ணன் உள்ளே வந்தார். எங்கள் போனெல்லாம் கேட்டில் அவரிடம்தான் இருக்கும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தேன்.

"தவுலத்து, உன் தம்பி போன் பண்ணாரும்மா. அப்பா தவறிட்டாராம். அசர் தொழுவ முடிஞ்சதும் எடுத்துருவாங்களாம். சீக்கிரம் வரச்சொன்னாரு" என்றார்.

அத்தாவுக்குக் கொஞ்ச நாளாகவே உடம்பு சரியில்லை. மருந்தும் என் மகளின் படிப்பும் என் சம்பளத்தில்தான் ஓடின. என் புருஷன் சவூதிக்குப் போனவன், போனவன்தான். எங்களில் மையத்தை, இறந்த உடலை, ரொம்ப நேரம் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அசர் சாயங்காலத் தொழுகை, அதற்கு நிறைய நேரம் இருந்தது. அத்தா வீடு வாலாஜாபாத். பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கொடுப்பதற்குள் வந்துவிடும் ஊர். போய் முகத்தைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து ஓதலாம். இதைத்தான் நினைத்துக்கொண்டு மஞ்சள் கட்டத்தில் போய் நின்றேன்.

மேலே ரகுபதி சார் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். தடி, கை, மோவாய். நான் நின்றேன். கை எழவில்லை. பெரிய பிரஸ் இறங்கி இறங்கித் தரை அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் நான் கத்தினேன். "சார், எங்கத்தா மௌத்தாயிட்டாரு சார். நான் போவணும்."

அவர் தலை மெல்ல இடமும் வலமும் ஆடியது.

நான் மட்டும் பார்க்கவில்லை. லோகேஷும் பார்த்தான். அவன் முகம் சுண்டிப்போனது. "சார் வேணான்றாரே. இன்னிக்கி லோடு போற நாளாச்சே, அதான். கொஞ்சம் இருங்கக்கா, மனசு மாறுவாரு" என்றான்.

மரகதத்துக்கு வந்ததே கோபம். "அப்பன் செத்ததுக்கு வேணான்னுவாரா? மேல போயி கேளுடா" என்றாள்.

"லைட்டு எரியுது பாருங்க" என்றான் லோகேஷ்.

நான் மேஜைக்குத் திரும்பினேன். தகட்டை எடுத்தேன், தேய்த்தேன். அழுகை வந்தது, அதையும் கண்ணாடிப் பக்கம் தெரியாமல் துடைத்துக்கொண்டேன். மனிதனா இவன் என்று மனசுக்குள் வைதேன். அத்தனை வசவையும் யார்மேல் கொட்டினேன் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மத்தியானம் லுஹர் நேரத்துக்குப் பாப்பம்மாள் படியேறிப் போய் ஸ்டூலிலிருந்த டீயை எடுத்துக்கொண்டு புது டீ வைத்துவிட்டு வந்தாள். காலை டீயில் ஆடை கட்டியிருந்தது. "ஆறிப்போச்சு, குடிக்கவேயில்ல. இன்னா கோவமோ இன்னிக்கி" என்று முணுமுணுத்தாள். அவருக்குக் கோபம் என்று லைன் முழுக்கச் செய்தி பரவியது. கைகள் இன்னும் வேகமாக ஓடின.

சாப்பாடு முடிந்ததும் மறுபடி கட்டத்தில் நின்றேன். மறுபடி தலை ஆடியது.

மரகதம் என் கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாடி அவனப் பாத்துக்கினு நிக்கிற? வா, நான் உன்ன கேட்டாண்ட வுடறேன். வேல போனா போவட்டும், மயிரே போச்சு."

கேட் வரைக்கும் போனோம். நடேசன் அண்ணன் பூட்டில் கை வைத்துக்கொண்டு நின்றார். சாவியை எடுக்கவில்லை. "சீட்டு இல்லாம தொறந்தா எனக்கு நாளைக்கி வேல இல்லம்மா. இந்த வயசுல எவன் குடுப்பான்? சார் பாத்துக்கினுதான் கீறாரு" என்றார். திரும்பிப் பார்த்தேன். ஷெட்டின் வாசல் வழியே, மேலே கண்ணாடிக்குள், அந்த உருவம் தெரிந்தது. அது கேட்டையே பார்க்கிற மாதிரி இருந்தது. என் மகளின் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. கால் தானாகத் திரும்பியது.

அதற்குப் பிறகுதான் அவர் எங்கள் லைன் பக்கம் சாய ஆரம்பித்தார். கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் தோள், பிறகு தலை. "நம்மளத்தான் பாக்கறாரு, எட்டிப் பாக்கறாரு" என்று பின் வரிசையில் யாரோ சொன்னார்கள். யாரும் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. பிரஸ் நிற்காமல் இறங்கியது, தரை நிற்காமல் அதிர்ந்தது. அந்த அதிர்வில் மேலே கைத்தடியின் அடியிலிருந்த ரப்பர் நுனி இம்மி இம்மியாக நழுவிக்கொண்டிருந்தது. அங்கே கரையான் அரித்தது, இங்கே நாங்கள்.

தடி விழுந்த சத்தம் கேட்கவில்லை. நெற்றி கண்ணாடியில் மோதிய சத்தம்தான் கேட்டது. பிரஸ்காரர் மெஷினை நிறுத்தினார். ஷெட்டே அமைதியானது. ரகுபதி சாரின் முகம் கண்ணாடியில் அப்பியிருந்தது. மூக்குக்கண்ணாடி கழன்று போயிருந்தது. நான் முதல் தடவையாக அவர் கண்ணைப் பார்த்தேன். திறந்திருந்தது.

இதைக் கேளுங்கள். அப்போதும் யாரும் ஏறவில்லை. சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அத்தனை பேரும் கழுத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் பாப்பம்மாள்தான் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினாள். கதவைத் திறந்து, உள்ளே போய், அவர் கழுத்தில் கை வைத்தாள்.

"ஜில்லுனு வெறச்சிப்போயி கீறாருடா. இது இப்ப போன உசுரு இல்ல. காலைலயே போயிட்டாரு" என்றாள். காலையிலிருந்து அந்தத் தலையை ஆட்டியது பிரஸ்தான்.

அத்தா சொன்னது சரியாக அந்த நேரத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த அதிகாரம் சுலைமான் நபியோடு முடிந்துவிட்டது, இனி எந்தக் கொம்பனுக்கும் கிடையாது. அப்படியானால் ரகுபதி சாருக்கு யார் கொடுத்தது? இறைவன் கொடுக்கவில்லை. நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து கொடுத்தோம்.

நான் ஓடினேன். நடேசன் அண்ணன் கேட்டை அகலத் திறந்து வைத்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் போனைக் கையில் கொடுத்தார். அதில் தம்பியின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. சாலைக்கு வந்து ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து ஏறினேன். வாலாஜாபாத்துக்குள் நுழையும்போது அசர் பாங்கு சொல்லி முடித்து நேரமாகியிருந்தது.

தெரு காலியாக இருந்தது. ஆம்பிளைகள் எல்லோரும் ஜனாஸாவோடு போய்விட்டார்கள். எங்கள் பெண்கள் அடக்கம் செய்கிற கபரஸ்தானுக்குப் போவதில்லை. வீட்டு வாசலில் அத்தாவைக் குளிப்பாட்டிய பலகை சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, அதிலிருந்து இன்னும் தண்ணீர் வடிந்தது. உள்ளே கற்பூர வாசனை. அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒனக்காவத்தான் மொகத்த மூடாம வெச்சிருந்தோம். ஜமாத்துல எத்தன தடவ கேட்டாங்க. தவுலத்து வந்துரும், இந்தா இருக்கு ஒரகடம், வந்துரும்னே சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாள்.

செத்தவர் லீவு தரவில்லை என்று சொல்ல முடியுமா?

இப்போதும் அதே ஷெட்டில்தான் இருக்கிறேன். பள்ளிக்கூடம் என் துக்கத்துக்காகக் காத்திருக்காது. சாரின் மகன் பெங்களூரிலிருந்து நடத்துகிறார், பர்மிஷன் போனிலேயே வந்துவிடுகிறது. மஞ்சள் கட்டத்தை அழிக்கச் சொன்னார், அழித்தோம், நிழல் மாதிரி அது தெரிகிறது. மேலே நாற்காலி காலி. ஆனாலும் அந்தக் கட்டத்தை யாரும் மிதிப்பதில்லை, சுற்றித்தான் போகிறோம். பெரிய பிரஸ் இறங்கும்போது நாற்காலி இலேசாக அசையும். உடனே மரகதத்தின் கைகூட வேகம் பிடிக்கும், அத்தனை வாய் பேசுகிறவள்.

அம்மா அடிக்கடி அத்தாவின் கடைசி முகத்தைச் சொல்வாள். அமைதியா இருந்துச்சு, தூங்குற மாதிரி, ஓரத்துல லேசா சிரிப்புகூட இருந்துச்சு என்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். அந்தச் சிரிப்பை வரவழைக்கப் பார்ப்பேன். கஃபன் துணிக்கு நடுவே ஒரு முகம் வரும், மூக்குக்கண்ணாடி போட்டிருக்கும், அதில் டியூப்லைட் எரியும், இடமும் வலமும் தலையை ஆட்டும். அத்தா எனக்கு வருவதேயில்லை.

காலையிலிருந்து அசர் வரைக்கும் அன்றைக்கு ஒரு மையத்தின் முகத்தை விடாமல் பார்த்தவள் நான். அது என் அத்தாவின் முகம் இல்லை.