வலிக்காத இடம்

"அம்மா, எங்க தொட்டா உனக்கு வலிக்காது?"

மகள் இதைக் கேட்டபோது பள்ளியில் சேர்ந்த புதிது. ஓடிவந்து கட்டிக்கொண்டவளை, வலி தாங்காமல் அம்மா தள்ளிவிட்டிருந்தாள். வீட்டிலேயே தையல் வேலை செய்யும் அந்த அம்மா தன் உடம்பு முழுக்க யோசித்துப் பார்த்தாள். தோள், முதுகு, முழங்கை எதுவும் தேறவில்லை.

"காது நுனி" என்றாள் கடைசியில்.

அன்றிலிருந்து பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் சின்ன விரல்கள் அவள் காது நுனியைத் தொட்டுவிட்டுப் போகும். அவர்களுக்குள் கட்டிப்பிடிப்பது என்றால் அதுதான்.

நோயின் பெயர் ஃபைப்ரோமயால்ஜியா என்றார் டாக்டர். "எக்ஸ்ரேல தெரியாதும்மா, ரத்தத்துலயும் தெரியாது. லேசா தொட்டாலே அடி விழுந்த மாதிரி உங்க நரம்பு சொல்லுது. வலி பொய் இல்ல. முழுசா போகும்னும் சொல்ல மாட்டேன். கொஞ்சம் நடங்க, முடியலன்னா படுங்க. கூடவே வச்சுக்கிட்டு வாழப் பழகணும்."

உடன் வந்திருந்த நாத்தனாரின் காதில் விழுந்தது, "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்" என்று அவர் முதலில் சொன்னது மட்டும்தான். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்றுவிட்டு வருகிறவள் அவள். எறும்புக்குப் பயந்து சமையலறை பாட்டில்களை இறுக்கி மூடுவாள். அண்ணி மூடியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டாள்.

"நேத்து ஜாக்கெட் தைச்ச கைக்கு இன்னைக்கு மூடி திறக்க வரலையா? நீங்க சினிமாவுல சேர்ந்திருக்கணும் அண்ணி."

அண்ணி சிரித்துவைப்பாள். மகள் சாப்பிட்டபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் மகள் இடது கையால் வீட்டுப்பாடம் எழுதினாள். எழுத்தெல்லாம் கோணல். புதுப் பழக்கம் என்றாள். மறுநாள் சட்டைக் கையை மாட்டிவிடும்போதுதான் வலது மணிக்கட்டில் அம்மாவின் விரல் பட்டு, பிள்ளை உதட்டைக் கடித்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மகளின் வலி எக்ஸ்ரேயில் தெரிந்தது. எலும்பில் மயிரிழை விரிசல். சறுக்குமரத்திலிருந்து விழுந்திருக்கிறாள்.

"ஏன்டி தங்கம் சொல்லல?"

"வீங்கவே இல்லையேம்மா. வெளிய தெரியலன்னா நடிப்புதானே? அத்தை சொல்லுவாங்களே."

அத்தை பிள்ளையின் பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டு போட்டு முடியும்வரை பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

தான் சிரித்து மறைத்த ஒவ்வொரு முறையும் மகள் வாய்மூடப் பழகியிருக்கிறாள் என்பது அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கடவுளே, என் வலி என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும், இந்தப் பழக்கம் மட்டும் இவளுக்கு வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். இடது கை நீண்டு வந்து அவள் காது நுனியைத் தொட்டது.

மறுநாள் காலை அம்மாவும் மகளும் மாவுக்கட்டை டாக்டரிடம் காட்டிவரப் போயிருந்தார்கள். வீட்டில் வேறு யாரும் இல்லை. வேலைக்குக் கிளம்பி வாசல்வரை வந்த நாத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினாள். பாட்டில்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். சர்க்கரை பாட்டிலின் மூடி அவள் கைக்கே வரவில்லை. துணியைச் சுற்றித் திருகியதில் உள்ளங்கை சிவந்துபோனது. எறும்பு ஏறாத அளவுக்கு மட்டும் எல்லாவற்றையும் லேசாக மூடி, இரண்டு விரலால் திறந்து பார்த்தாள். வந்தது.

முன்பிருந்த வரிசையிலேயே அடுக்கிவைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.