திருப்புங்க

பஸ் ஓட்டுகிற மனிதருக்கு அந்தத் தெரு வைத்த பெயர் ரயில். ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் முடிந்ததோ இல்லையோ, அவர் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து புகை கிளம்பிவிடும். மாடிவீட்டு அம்மாள் ஜன்னலைப் படாரென்று சாத்திவிட்டு, "ரயில் கிளம்பிடுச்சு, காயப்போட்ட துணியை எடுங்க!" என்று புருஷனிடம் கத்துவாள். அந்தப் பெயர் திட்டாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அதே அம்மாள், இறைச்சி வெந்து முடிகிற நேரம் பார்த்து, மூக்கில் வேர்த்தது போலக் கிண்ணத்தோடு இறங்கிவந்து "கொஞ்சம் உப்பு இருக்குமா?" என்று கேட்கத் தொடங்கியதும், அதிலிருந்த காரம் போய்விட்டது. அந்தக் கிண்ணம் ஒரு நாளும் உப்போடு திரும்பிப் போனதில்லை.

அடுப்பு ஒன்றும் பெரிய சாமான் இல்லை. டிப்போவில் கழித்துப்போட்ட இரும்பு டிரம்மை நெடுக்காக அறுத்து, நாலு கால் பற்றவைத்து, மேலே ஒரு கம்பிவலை. அவ்வளவுதான். ஆனால் அது வாசற்படி தாண்டி உள்ளே வரக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். "கரிப்புகைக்குக் கதவுக்கு உள்ளே வேலையே இல்ல, ஆளைக் கொன்னுடும்" என்பார். சொல்வது நியாயம்தான். ஆனால் அது பாதிக் காரணம். மீதிக் காரணம், வாரம் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரைப் பார்க்கிற மனிதருக்கு ஒரு நாளாவது கண்ணாடி இல்லாத வானம் வேண்டியிருந்தது.

அந்த அடுப்பின் சுகத்தைச் சொன்னால் புரியாது, நின்று பார்க்க வேண்டும். கரி முதலில் பாடாய்ப் படுத்தும். விசிறி விசிறித் தோள்பட்டை கழன்றுபோய், "எக்கேடு கெட்டும் போ" என்று விசிறியை வீசுகிற நேரத்தில் பட்டென்று ஒரு பொறி வெடிக்கும். ஒரு கங்கு சிவக்கும், அதைப் பார்த்துப் பக்கத்துக் கங்கு சிவக்கும். மேலே சாம்பல் மெல்லப் பூத்து வந்ததும் இறைச்சியைப் பரப்ப வேண்டும். கொழுப்பு சொட்டிச் சுர்ரென்று ஒரு புகை எழும்பும் பாருங்கள், சாப்பிட்டுவிட்டு வந்தவனுக்குக் கூடப் பசிக்கும்.

வெயில் நாளில் முன்னாலும் நெருப்பு, தலைக்கு மேலும் நெருப்பு. வேர்த்து வழிந்து, தண்ணீர் குடித்துக் குடித்து மாளாது. பனிக்காலத்தில் வயிறு வெந்துகொண்டிருக்கும், முதுகு விறைத்துக்கொண்டிருக்கும். வலையில் கிடக்கிற கோழியைப் போல நம்மையும் நாமே அவ்வப்போது திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். காற்று நாளில் நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் புகை கடன்காரன் மாதிரி பின்னாலேயே வரும். மழை நாள்தான் எல்லாவற்றிலும் உசத்தி. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும்போது இவர்கள் இரண்டு பேர் மட்டும் வெளியே நிற்பார்கள். பெரிய கறுப்புக் குடையை மனைவி பிடித்துக்கொள்வாள். குடை அடுப்புக்கு, மனிதருக்கு இல்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்பவரைப் பார்த்து மாடிவீட்டு அம்மாள், "இந்த மழையிலுமா?" என்று கேட்டால், "நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு!" என்பார். மழை என்று ஒரு சாக்கு அவர் வாயில் வந்ததே கிடையாது.

ஆனால் ஒரு ரகசியம் உண்டு. அவருக்குப் பதம் தெரியாது. இத்தனை வருஷம் இடுக்கி பிடித்த மனிதருக்கு, இறைச்சியை எப்போது திருப்ப வேண்டும் என்று சுத்தமாகத் தெரியாது. அது மனைவியின் இலாகா. அவளுக்கு வாய்த்த மூக்கு அப்படி. பால் திரியப் போவதைத் திரிவதற்கு முன்பே சொல்வாள். டிப்போவில் யாரிடமோ வாங்கி ஒரே ஓர் இழுப்பு இழுத்த சிகரெட்டை, அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கண்டுபிடித்து, "எவன் கொடுத்தான்?" என்று கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை அவள் அடுப்பைப் பார்க்கவே மாட்டாள். துணி மடிப்பாள், பூண்டு உரிப்பாள், தங்கையோடு போனில் வம்பளப்பாள். நடுவில் சட்டென்று தலையைத் தூக்கி, "திருப்புங்க" என்பாள். அவர் திருப்புவார். பொன்னிறத்தில் வந்திருக்கும். இன்னும் கொஞ்சம் கழித்து, "எடுத்துடுங்க." எடுத்துவிடுவார். ஒரு தரம் தவறியதில்லை.

எல்லாம் முடிந்ததும் கரி படிந்து சூடேறிய உள்ளங்கைகளை அவள் கன்னங்கள் இரண்டிலும் வைப்பார். "ஐயய்யே, கரிக்கை!" என்று கத்துவாள். முகத்தை மட்டும் நகர்த்த மாட்டாள்.

போன வருஷம் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். அறுத்து எடுத்தார்கள். எடுத்த இடத்திலேயே மறுபடி வந்தது. அதற்கப்புறம் ஊசி, திங்கள்கிழமைதோறும். அந்த ஊசி போட்டுக்கொண்டு வந்தால் அடுத்த நாலு நாள் அவள் மனுஷியாக இருக்க மாட்டாள். குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி, உடம்பெல்லாம் நடுக்கம், தலையணையில் கொத்துக் கொத்தாக முடி. சனிக்கிழமைதான் எழுந்து உட்காருவாள். ஞாயிறு ஒரு நாள் நன்றாக இருப்பாள். திங்கள் வந்துவிடும்.

டாக்டர் ஒளிவுமறைவு இல்லாத ஆள். முதலிலேயே சொல்லிவிட்டார். "வாயால விரும்பிச் சாப்பிடற வரைக்கும் உடம்பு ஊசியைத் தாங்கும், போட்டுப் பார்க்கலாம். ருசி விட்டுப்போய், சாப்பாடு நின்னுடுச்சுன்னா ஊசியே ஆளைச் சாய்ச்சுடும். அப்புறம் அதை நிறுத்திட்டு, வலி தெரியாம வீட்டுலயே வெச்சுப் பார்த்துக்கறதுதான் நல்லது."

அவர் அந்த முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார். வேறு எதைப் பிடிப்பது? பின்பக்க ஜன்னலோரம் கட்டிலை இழுத்துப் போட்டார். ஜன்னலுக்குக் கீழே அடுப்பை வைத்தார். அவள் படுத்தபடியே, "திருப்புங்க" என்றாள். அவர் திருப்பினார். மறுநாள் டாக்டர் வழக்கம்போல, "சாப்பிடறாங்களா?" என்று கேட்டதும் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "நேத்து கறி சாப்பிட்டா, டாக்டர். படுத்த இடத்துலேருந்தே வாசனை பிடிச்சுப் பதம் சொல்றா!" என்றார். டாக்டர் தலையாட்டினார். ஊசி ஏறியது. அவள் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படியே வாரங்கள் போயின. கொஞ்ச நாளாக இறைச்சி சரியாக வரவில்லை. ஒரு ஞாயிறு அடிப்பக்கம் கருகியது. அடுத்த ஞாயிறு எலும்போரம் ரத்தம் நின்றது. "கரிக்காரன் ஏமாத்தறான், மரத்தூளைக் கலந்து கொடுக்கறான்" என்று கடையில் போய் ஒரு மூச்சுச் சண்டை போட்டுவிட்டு வந்தார். கருகியதைத் தானே தின்றார். நல்ல துண்டாகப் பார்த்துப் பொறுக்கி அவள் தட்டில் வைத்தார்.

பார்த்துக்கொள்ள வந்திருந்த அவள் தங்கைக்கு மனதில் பட்டதை மறைக்கத் தெரியாது. ஒரு நாள் அடுக்களையில் அவரை மடக்கினாள். "மாமா, அக்கா சாப்பிடல. உங்க எதிர்ல வாயில போட்டுக்கறா. நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் கைக்குட்டையில துப்பி மடிச்சுடறா. துவைக்கிறவ நான்."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று அவர் சீறினார். "அவதானே பதம் சொல்றா? வாசனை தெரியாமலா சொல்றா? போ, போய் வேலையைப் பாரு."

அவள் போய்விட்டாள். அவர் கையிலிருந்த தம்ளரைக் கழுவினார். கழுவிய தம்ளரையே மறுபடியும் கழுவினார்.

அந்தக் கடைசி ஞாயிறன்று விடிந்ததிலிருந்தே மழை. சாதாரண மழையில்லை, பேய் மழை. தங்கை வாசற்படியில் நின்றுகொண்டு, "இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன், மாமா" என்றாள். "நாளைக்குக் காலையில ஊசிக்கு ஆஸ்பத்திரி போக வண்டி சொல்லியிருக்கு. சளி பிடிச்சுக்கிட்டா அக்காவை யார் தூக்கறது?"

"மழைன்னு ஒரு சாக்கை இந்த வீட்டுல எப்பவாவது கேட்டிருக்கியா?" என்று கேட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

குடை பிடிக்க ஆள் இல்லாததுதான் கஷ்டம். இடது கையில் குடை, வலது கையில் விசிறி. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு தீக்குச்சி கிழித்தார். கரி முரண்டு பிடித்தது. அவரும் விடவில்லை. "வாடா ராஜா, மானத்தை வாங்காதே" என்று கெஞ்சினார், திட்டினார், மண்டி போட்டு ஊதினார். கடைசியில் நடுவில் ஒரு கங்கு சிவந்தது. அப்புறம் நாலைந்து. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முகமெல்லாம் தண்ணீரும் கரியுமாக நின்று தனியாகச் சிரித்தார். அவளுக்குக் கேட்கட்டும் என்று, "பிடிச்சுடுச்சும்மா!" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்.

இறைச்சிக் கிண்ணம் படியோரம் மூடி போட்டு இருந்தது. அதை எடுக்கக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. குடை மடங்கி, பின்னால் திரும்பி, கையை விட்டே பறந்துவிட்டது. கூரைத் தகரத்தில் தேங்கி நின்ற தண்ணீர் மொத்தமாகச் சரிந்து, குடம் கவிழ்த்தது போல அடுப்பில் கொட்டியது. அவ்வளவுதான். இத்தனை பாடுபட்டு வந்த நெருப்பு ஒரு நொடியில் கறுப்புச் சேறாகிவிட்டது. கொஞ்சம் ஆவி வந்தது, மழை அதையும் அடித்துப்போட்டது. ஈரச் சாம்பலின் புளித்த நாற்றம் மட்டும் மிஞ்சியது.

அவர் இடுக்கியைப் பிடித்தபடி நின்றார். "அட பாவி மழையே" என்று வாய்க்குள் வைதுவிட்டு, அவளிடம், கொஞ்சம் பொறுத்துக்கோ, மறுபடி மூட்டறேன் என்று சொல்ல வாயெடுத்தார்.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது. மெலிந்த குரல்தான், ஆனாலும் பழைய அதிகாரம் குறையாமல்.

"என்னமா வாசனை தூக்குது! திருப்புங்க."

அவர் வலையைப் பார்த்தார். வெறும் கம்பி. மழைத்துளிகள் கம்பி கம்பியாக ஓடிக்கொண்டிருந்தன. கிண்ணம் மூடியோடு அப்படியே படியில் இருந்தது.

கருகியதும் வேகாததும் யாரால் என்று அவருக்குப் புரிந்தது. கரிக்காரன் பாவம். எத்தனை ஞாயிறாக அவள் குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்? நமக்காகச் சொன்னாள், நாம் அதைக் கொண்டுபோய் டாக்டரிடம் பெருமையாக ஒப்பித்து, திங்கள்தோறும் அந்த ஊசியை அவளுக்கு வாங்கிக் கொடுத்தோம். அவளும் கையை நீட்டிப் போட்டுக்கொண்டாள். இனி பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்பது அங்கேயே, அந்தச் சேற்றின் முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"என்னங்க, காதுல விழலையா? திருப்புங்க."

இடுக்கியால் வலையை டங்கென்று தட்டினார். இன்னொரு தரம் தட்டினார். "திருப்பிட்டேம்மா" என்றார்.

வாசற்படியில் தங்கை நின்றிருந்தாள். அணைந்த அடுப்பைப் பார்த்தாள், மூடிய கிண்ணத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறக்காமல், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் மழையிலேயே நின்றார். ஒரு பக்கம் வேகிற நேரம் எவ்வளவோ, அவ்வளவு நேரம் நின்றார். "எடுத்துடுங்க" என்று குரல் வந்தது. வெறும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தலை துவட்டக்கூட நிற்கவில்லை.

கட்டிலில் அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலையணைக்கு அடியில் கைக்குட்டை மடித்துத் தயாராக இருந்தது. தட்டைப் பார்த்தாள்.

"எங்கே?"

"தப்பாயிடுச்சும்மா" என்றார். "அந்த வாசனையில பொறுக்க முடியல. மழையில நின்னுட்டே எல்லாத்தையும் நானே தின்னுட்டேன். உனக்கு ஒரு துண்டு கூட மிச்சம் வைக்கல."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பரீட்சை ரத்தானது என்று கேட்ட பிள்ளைக்கு வருகிற வெளிச்சம். அவர் அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டார். தலையணை அடியிலிருந்த கையை அவள் மெல்ல வெளியே எடுத்தாள்.

"தீனிப்பண்டாரம்" என்று சிரித்தாள். "நல்லா இருந்துச்சா?"

"பிரமாதம். நீ சொன்ன பதம் என்னைக்குத் தப்பியிருக்கு?"

பழக்கம் யாரை விட்டது? யோசிக்காமல் இரண்டு உள்ளங்கையையும் அவள் கன்னத்தில் வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் உறைத்தது. நெருப்பில் நின்ற கையா அது? மழையில் ஊறிச் சில்லிட்டுப்போன கை. அவள் உடம்பு ஒரு தரம் தூக்கிப் போட்டது. கழுத்து வரைக்கும் மயிர் சிலிர்த்தது. அவர் பதறிக் கையை எடுக்கப் போனார். அவள் தன் குச்சிக் கைகளால் அவற்றை அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல சூடு" என்றாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே தகரத்தில் மழை இரைந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்மா" என்றார்.

"ஏங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"மழையா இருக்கே."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் வழிந்தது அவர் விரலில் பட்டது. அந்த ஒரு சொட்டு மட்டும் சூடாக இருந்தது.

"ஆமாம்" என்றாள். "இந்த மழையில எங்க போறது."